ஏற்றத்துக்கும் ஒரு பேரேடு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பெரியவர்கள் வாக்கு. கடை வைத்திருக்கும் நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு காசு லாபம் இல்லாத காரியத்திலும் இந்த வாக்கை அப்படியே கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனிலும் பிரான்ஸிலும் மலைச் சாலைகளில் சைக்கிள் மிதிக்கும் சாதாரண மனிதர்கள் அவர்கள்.

நாம் புதுக்கணக்கு எழுதுவதைப் போல இவர்களும் ஜனவரி முதல் தேதி புதுக்கணக்கு தொடங்குகிறார்கள். "இந்த ஆண்டில் மொத்தம் இத்தனை மீட்டர் உயரம் ஏறுவேன்" என்று நண்பர்கள் நடுவில் ஒரு தொகையைச் சொல்லிவிட வேண்டும். மாதா மாதம் ஏறியதைப் பதிய வேண்டும். டிசம்பர் 31 அன்று கணக்கு முடிப்பு. பரிசுப் பணம் கிடையாது, நடுவர் கிடையாது. எழுதுகிறவரே தணிக்கையாளர். அப்படிப்பட்ட கணக்கு எப்படி நிலைத்து நிற்கிறது என்பது வணிகர்களாகிய நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய விஷயம்.

வரவு மட்டுமே உள்ள கணக்கு

ஏற்றக் கணக்கில் இறக்கத்துக்குக் கழிவு இல்லை. 100 மீட்டர் ஏறி, இறங்கி, மறுபடி 100 மீட்டர் ஏறினால் கணக்கில் 200 மீட்டர். லண்டனுக்குத் தெற்கே சர்ரே வட்டாரத்தில் பாக்ஸ் ஹில் என்றொரு குன்று உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான சாலைப் பந்தயத்தில் வீரர்கள் இந்தக் குன்றை ஒன்பது முறை ஏறினார்கள். அதன் வளைவுச் சாலையில் ஒரு முறை ஏறினால் சுமார் 120 மீட்டர் சேரும். ஆண்டுக்கு 50,000 மீட்டர் என்று ஒருவர் இலக்கு வைத்தால், வாரத்துக்கு ஏறக்குறைய 960 மீட்டர் வருகிறது. அதாவது வாரம் தவறாமல் பாக்ஸ் ஹில்லை எட்டு முறை ஏற வேண்டும். "மாதம் ஒரு எவரெஸ்ட்" என்று ஆசைப்படுகிறவருக்கு 8,848 மீட்டர் வீதம் ஆண்டுக்கு 1,06,176 மீட்டர்; வாரத்துக்கு 2,040க்கு மேல். பெரிய தொகையை வாரக் கணக்கில் பிரித்துப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும்.

இன்னொரு வகைப் போட்டியும் உண்டு. அதில் மீட்டரைக் கூட்டுவதில்லை. பெயர் பெற்ற ஏற்றங்களை ஒவ்வொன்றாக முடித்துப் பட்டியலில் குறியிட்டு வருவார்கள். சைமன் வாரன் என்பவர் 2010இல் பிரிட்டனின் 100 ஏற்றங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக முடிப்பதையே இலக்காக வைத்துக்கொண்டவர்கள் பலர். கம்ப்ரியா மலைப்பகுதியின் ஹார்ட்நாட் கணவாய் உச்சி 393 மீட்டர்தான்; ஆனால் அங்கே சாலை சில இடங்களில் மூன்றுக்கு ஒன்று என்ற செங்குத்தில் நிற்கிறது. மீட்டர் கணக்கில் சிறிய சரக்கு, காலுக்கோ பெரிய சுமை!

கடைக்காரர் போட்ட முத்திரையே சாட்சி

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று. இந்த ஏற்றக் கணக்குகளுக்குப் பல இடங்களில் சாட்சி சொல்பவர் கடைக்காரர்தான்.

தெற்கு பிரான்ஸில் மோன் வான்டூ என்ற மலை தனியாக எழுந்து நிற்கிறது. உயரம் சுமார் 1,910 மீட்டர். பெதுவான், மலோசேன், சோ என்ற மூன்று ஊர்களிலிருந்து உச்சிக்கு மூன்று சாலைகள் போகின்றன. ஒரே நாளில் இம்மூன்றையும் சைக்கிளில் ஏறி முடிப்பவர்களைச் சேர்த்துக்கொள்ள 1988இல் ஒரு சங்கம் தோன்றியது. "வான்டூ மலைக் கிறுக்கர்கள்" என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள்! மொத்த ஏற்றம் சுமார் 4,400 மீட்டர். சேர விரும்புகிறவருக்கு ஓர் அட்டை தரப்படும். ஒவ்வொரு ஊரிலும் உச்சியிலும் உள்ள கடைகளில் அட்டையை நீட்டி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரைகள் சரியாக இருந்தால் அவர் உறுப்பினர். ஏறிய கால்கள் ஒருவருடையவை. அதற்குச் சான்று ஒரு கடையின் ரப்பர் முத்திரை.

பிரிட்டனில் 1976இல் தொடங்கிய நெடுந்தூர சைக்கிள் அமைப்பான ஆடாக்ஸ் யு.கே.யிலும் இதே வழக்கம் உண்டு. வழியில் உள்ள ஒரு கடையில் ஒரு ரொட்டியோ ஒரு பாட்டில் தண்ணீரோ வாங்கி, தேதியும் நேரமும் அச்சான பில்லைக் காட்டினால், இன்ன நேரத்தில் இன்ன ஊரைக் கடந்தார் என்பதற்கு அது போதுமான அத்தாட்சி. மலைப்பாங்கான பயணங்களுக்கு இவ்வமைப்பு தனியாகப் புள்ளிகளும் தருகிறது. 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு புள்ளி என்பது வீதம். இன்று கைபேசியும் செயற்கைக்கோளும் வழியைப் பதிவு செய்கின்றன. ஆனாலும் கடை பில்லுக்கு உள்ள மதிப்பு போய்விடவில்லை.

நூறு கணவாய், ஒரு நாணயம்

முத்திரையும் பில்லும் இல்லாமல், வெறும் நம்பிக்கையின் பேரில் நடக்கும் கணக்கும் உண்டு. பிரான்ஸில் 1972இல் தோன்றிய "நூறு கணவாய்ச் சங்கம்" அப்படிப்பட்டது. சேருவதற்குக் குறைந்தது 100 வெவ்வேறு கணவாய்களை சைக்கிளில் ஏறியிருக்க வேண்டும். அவற்றில் ஐந்தாவது 2,000 மீட்டருக்கு மேற்பட்டவையாக இருக்க வேண்டும். பந்தயத்துக்காக அல்லாமல் சொந்த மகிழ்ச்சிக்காக ஏறியிருக்க வேண்டும் என்பதும் விதி. ஒரு கணவாயை எத்தனை முறை ஏறினாலும் கணக்கில் ஒன்றுதான். பழைய சரக்கைப் புது வரவாகக் காட்ட முடியாது. ஏறிய கணவாய்களின் பட்டியலை உறுப்பினரே எழுதிக் கொடுக்கிறார். சங்கம் அவர் சொல்லை நம்புகிறது.

பொய் எழுதினால் யார் கண்டுபிடிப்பார்? யாரும் கண்டுபிடிக்காமலே போகலாம். ஆனால் எழுதியவருக்குத் தெரியும். அன்று முதல் அந்தப் பட்டியல் அவருக்கே செல்லாக்காசு. கடன் நோட்டில் வாடிக்கையாளர் பார்க்காதபோது ஒரு வரி கூட்டி எழுதுவது எவ்வளவு சுலபம் என்பது நமக்குத் தெரியும். அதைச் செய்யாத கடைதான் தலைமுறை தாண்டி நிற்கிறது என்பதும் தெரியும்.

சந்திரசேகருக்கு வந்த கடிதம்

இந்த நேர்மைக்கு ஓர் அழகான உதாரணம் நம் தமிழ் விஞ்ஞானி எஸ். சந்திரசேகரின் வாழ்க்கையோடு சேர்ந்து கிடைக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இங்கிலாந்தின் பெரிய வானியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன், 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த கூட்டத்தில் இளைஞரான சந்திரசேகரின் ஆய்வு முடிவைப் பகிரங்கமாக மறுத்துப் பேசினார். அறிவுலகில் பேர்போன சர்ச்சை அது. பிற்காலத்தில் சந்திரசேகர் பக்கமே சரி என்று ஆயிற்று. ஆனால் அந்த மனஸ்தாபத்தையும் தாண்டி இருவருக்கும் நட்பு இருந்தது. கடிதப் போக்குவரத்தும் தொடர்ந்தது.

எடிங்டன் தீவிர சைக்கிள் பிரியர். தமக்கென ஒரு கணக்கு முறை வைத்திருந்தார். ஒருவருடைய எண் 75 என்றால், அவர் 75 மைலோ அதற்கு மேலோ ஓட்டிய நாட்கள் குறைந்தது 75 இருக்கின்றன என்று பொருள். எண் கூடக் கூட அடுத்த படி கடினமாகும். 76 ஆக வேண்டுமென்றால் 75 மைலோடு நின்ற பழைய பயணங்கள் எல்லாம் தள்ளுபடியாகிவிடும்.

1938இல் சந்திரசேகருக்கு எழுதிய கடிதத்தில் எடிங்டன் தம் எண் இன்னும் 75இலேயே நிற்பதாகத் தெரிவித்தார். அந்த ஈஸ்டர் விடுமுறையில் இரு பயணங்கள் 74¾ மைலோடு முடிந்துவிட்டதால் அவை கணக்கில் சேரவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார். அவர் முழு எண்ணாகத் திருத்தி எழுதியிருந்தால் கேட்க யாரும் இல்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. தராசு முள் நடுவில் நிற்காதவரை பொட்டலம் கட்டாத கடைக்காரரின் குணம் இது. இன்றும் சைக்கிள்காரர்கள் அவர் பெயராலேயே அந்த எண்ணைக் குறிப்பிடுகிறார்கள். அதே முறையை ஏற்ற மீட்டருக்குப் பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு.

எந்தத் தராசு சரியான தராசு?

நேர்மை இருந்தாலும் அளவுகோல் சரியாக இருக்க வேண்டுமே! இரண்டு நண்பர்கள் ஒரே நாளில் ஒரே சாலையில் ஒன்றாகப் போய்வந்தாலும், ஒருவர் கருவி 900 என்றும் மற்றவர் கருவி 1,000 என்றும் காட்டுவது சகஜம். காரணம், உயரத்தை அளக்கப் பல வழிகள் இருப்பதுதான்.

ஒன்று காற்றழுத்தமானி. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்துக்கு அருகில் சுமார் 8 மீட்டருக்கு ஒரு மில்லிபார். சிறு மேடு பள்ளங்களைக்கூட இது நன்றாகப் பிடிக்கும். ஆனால் புயல் சின்னம் வந்து அழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், வண்டி வாசலில் சாத்தி நின்றாலும் கருவி 80 மீட்டர் ஏறியதாக எழுதிவிடும். மழை நீர் துளையை அடைத்தாலும் கணக்கு குழம்பும்.

இரண்டாவது செயற்கைக்கோள். இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். உயரத்தில் அவ்வளவு துல்லியம் கிடையாது.

மூன்றாவது வரைபடத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பறந்து பூமியின் மேடு பள்ளங்களை ரேடார் மூலம் அளந்தது. இத்தகைய தரவுகளை வைத்துக் கணிப்பொறி உயரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் பள்ளத்தாக்கின் மேல் மட்டமாகப் போகும் பாலத்தை அது அறியாது. இறங்கி ஏறியதாகக் கூட்டிவிடும். மலையைக் குடைந்த சுரங்கப்பாதையில் போனாலும் மலையுச்சியைத் தாண்டியதாக எழுதிவிடும்.

ஆகவே நட்புப் போட்டியின் முதல் விதி: ஆண்டு முழுவதும் ஒரே அளவுகோல். ஜனவரியில் எந்தக் கருவியோ அதுவே டிசம்பரிலும். அதிகம் காட்டும் கருவியைத் தேடி நடுவில் மாறக் கூடாது. வாங்கும்போது ஒரு தராசு, விற்கும்போது ஒரு தராசு வைத்திருப்பவரை நாம் என்ன சொல்வோம்?

மட்டமான ஊர்க்காரர் என்ன செய்வார்?

எல்லோர் ஊரிலும் மலை இல்லை. எடிங்டன் வாழ்ந்த கேம்பிரிட்ஜ் சுற்றுவட்டாரம் தட்டையான நிலம். ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலோ கடலோரத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பெலாக் நா பா போன்ற சாலைகள் இருக்கின்றன. இருவரையும் மீட்டரால் ஒப்பிடுவது, சந்தைத் தெருக் கடையையும் சந்துக் கடையையும் விற்றுமுதலால் ஒப்பிடுவது போல. அதனால் அவரவர் இலக்கில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று பார்ப்பதே நியாயமான வழி. 10,000 மீட்டர் இலக்கில் 9,000 ஏறியவர் 90 விழுக்காடு. ஒரு லட்சம் சொல்லி 70,000 ஏறியவர் 70 விழுக்காடுதான். சொன்ன சொல்லுக்கு நெருங்கி நிற்பவரே முந்தியவர்.

இலக்கைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரிப்பதும் சரிவராது. லண்டனில் டிசம்பரில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல். ஆடி மாத வியாபாரத்தையும் தீபாவளி வியாபாரத்தையும் நாம் ஒன்றாகவா எதிர்பார்க்கிறோம்? 50,000 மீட்டர் இலக்கு என்றால் முதல் காலாண்டுக்கு 8,000, அடுத்ததற்கு 16,000, மூன்றாவதற்கு 17,000, கடைசிக்கு 9,000 என்று வகுத்துக்கொள்வது விவேகம். காலாண்டு முடிவில் துண்டு விழுந்தால் அப்போதே தெரியும். சரிசெய்யவும் நாள் இருக்கும்.

அப்படிப் பார்க்காதவர் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் விழித்துக்கொள்கிறார். பனி உறைந்த சாலை, சீக்கிரம் கவியும் இருட்டு, வலிக்கும் முழங்கால் இவற்றோடு மலை ஏறுகிறார். ஏறியதற்குத்தான் மீட்டர் கிடைக்கும்; ஆனால் ஆபத்து இறங்கும்போதுதான் காத்திருக்கிறது. நட்புக்காக வைத்த கணக்குக்கு உடம்பை ஈடு வைப்பது நஷ்ட வியாபாரம். உடல்நலம் குன்றினால் இலக்கைக் குறைத்துக்கொண்டு, குறைத்ததை வெளிப்படையாக நண்பர்களிடம் சொல்லிவிடலாம். அதில் வெட்கம் இல்லை. மறைத்து எழுதுவதில்தான் வெட்கம்.

வரி அதிகாரிக்காகக் கணக்கு எழுதுகிறோம், வங்கிக்காக எழுதுகிறோம், கூட்டாளிக்காக எழுதுகிறோம். யாருமே கேட்காத ஒரு கணக்கை ஒழுங்காக எழுதிப் பழகியவருக்கு, கேட்கிறவர்களுக்கு எழுதுவது பாரமே ஆகாது. மீட்டரோ கிலோவோ, அளந்ததை அளந்தபடி எழுதும் கைக்குத்தான் ஆண்டு முடிவில் நிம்மதி.