அசிட்டிலீன் லைனில் செம்பு வேண்டாம்!

வெல்டிங் பட்டறையில் கேஸ் லைன் போடும்போது கையில் கிடைத்த குழாயை மாட்டிவிடக் கூடாது. அசிட்டிலீன் செம்போடு சேர்ந்தால் காப்பர் அசிட்டிலைடு உண்டாகும். அது காய்ந்த பிறகு லேசாத் தட்டினாலே வெடிக்கும். ஆகவே ஸ்டீல் குழாய்தான் போட வேண்டும். பித்தளை ஃபிட்டிங்கிலும் செம்பு 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஆக்சிஜன் லைனுக்கு எதிரி எண்ணெய். மரையில் கிரீஸ் தடவினால் தீப்பிடிக்கும். அசிட்டிலீனுக்கு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது மரை. மாறிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

நாளைக்கே மேஸ்திரி, "செம்புத் துண்டு கிடக்கு, போடுப்பா" என்பார். "வேண்டாம்ணே, வெடிச்சிரும்" என்று காரணத்தோடு சொல்லணும். எங்க வீட்டில் முதன்முதலாய்ப் படிக்க வந்த நான் கற்றுக்கொண்டது இதைத்தான். டிப்ளமோ என்பது வெறும் சர்ட்டிபிகேட் அல்ல. பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கும் அது பொறுப்பு.