சட்டைப் பைக்குள் ஒரு ராஜ்யம்!

பழைய வீடியோ விளையாட்டுகள் மறுபிறவி எடுக்கும் கதை

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போனவர்கள் ‘மேரி’ கட்டிடத்தைப் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மண்டபம் அது. கடலைப் பார்த்தபடி நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் பலத்த மழை பெய்தது. அந்த மழையில் கட்டிடம் இடிந்து விழுந்து விட்டது.

இன்று அங்கே நிற்பது புதிய கட்டிடம். 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் திறந்தார்கள். விஷயம் தெரியாதவர் பார்த்தால், “ஆகா, பழைய கட்டிடம்!” என்றுதான் சொல்வார். அதே இடம், அதே தோற்றம்.

இடிந்ததை மறுபடி கட்டும்போது ஒரு கேள்வி எழுகிறது. எதை அப்படியே வைப்பது? எதை மாற்றுவது?

இதே கேள்வி வேறொரு தொழிலிலும் எழுகிறது. கேட்டால் வியப்பாக இருக்கும். அதுதான் வீடியோ விளையாட்டுத் தொழில்! குழந்தைகள் விளையாடும் விளையாட்டுகளையும் இடிந்த கட்டிடத்தைப் போல் மறுபடி கட்டுகிறார்கள்.

வேடம் கட்டும் விளையாட்டு

வீடியோ விளையாட்டில் பல வகை உண்டு. ஓடுவது ஒரு வகை. சுடுவது ஒரு வகை. கார் ஓட்டுவது ஒரு வகை. இவற்றை எல்லாம் விட நீளமானது ஒரு வகை. அது வேடம் தாங்கி ஆடும் விளையாட்டு.

தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் விடிய விடிய அர்ச்சுனனாகவே இருக்கிறார் அல்லவா? அதைப் போல, விளையாடுபவர் கதாநாயகனாகவே மாறி விடுகிறார். ஊர் ஊராகப் போகிறார். வழியில் காண்பவரிடம் பேசுகிறார். வாளும் கேடயமும் வாங்குகிறார். பூதங்களோடு சண்டை போடுகிறார். ஒரு கதையை முடிக்க 20 மணி நேரம், 40 மணி நேரம் கூட ஆகும்.

இந்த வகையில் புகழ் பெற்றது ‘டிராகன் குவெஸ்ட்’. ஜப்பானில் 1986-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. கதையை அமைத்தவர் யூஜி ஹோரி. படம் வரைந்தவர் அகிரா தோரியாமா. இசை அமைத்தவர் கோயிச்சி சுகியாமா.

கதை நம் பாட்டி சொல்லும் கதை போன்றதுதான். ஒரு ராஜ்யம். அதன் ஒளிக்கோளத்தைப் பறித்துக்கொண்ட ஓர் அரக்கன். சிறைப்பட்ட ஓர் இளவரசி. அவளை மீட்கப் புறப்படும் ஒரு வீரன். இவ்வளவுதான்! ஆனால் ஜப்பானே அதில் மயங்கியது. 1988-ல் மூன்றாம் பாகம் வந்தபோது கடை வாசலில் நீண்ட வரிசை நின்றது. பள்ளிக்கூடம் போகாமல் வரிசையில் நின்ற மாணவர்கள் போலீசாரிடம் பிடிபட்டார்கள்!

இருபதே எழுத்து!

முதல் டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப் போலப் பல மடங்கு பெரியது.

அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு ராஜ்யத்தையே அடைத்தார்கள். எழுத்துக்குக் கூட இடம் போதவில்லை. ஜப்பானியருக்குக் கத்தகானா என்று ஒரு வகை எழுத்து உண்டு. அதில் ஏறக்குறைய 50 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் 20 எழுத்தை மட்டுமே விளையாட்டில் வைத்தார்கள். அந்த 20 எழுத்துக்குள் அமையும்படி பூதங்களுக்குப் பெயர் சூட்டினார்கள்!

இன்னொரு சங்கடமும் இருந்தது. பாதியில் நிறுத்தினால், விட்ட இடத்தை நினைவில் வைக்க அந்தக் கருவியால் முடியாது. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். நிறுத்தும்போது திரையில் ஒரு மந்திரம் தோன்றும். பொருள் இல்லாத 20 எழுத்துகள். அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் அதே எழுத்துகளைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஓர் எழுத்து தவறினால்? எல்லாம் போயிற்று! ‘ற’ போட வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டது போல ஆகி விடும். பல நாள் உழைப்பு வீண். அந்தக் காலத்து ஜப்பானியச் சிறுவர்கள் எத்தனையோ பேர் இப்படிக் கண்ணீர் விட்டார்கள்.

ஏன் மறுபடி செய்ய வேண்டும்?

“பழைய விளையாட்டுதான் இருக்கிறதே! அதையே ஆடினால் என்ன?” என்று கேட்கலாம்.

அங்கேதான் சிக்கல். மூன்றாம் பாகத்திலிருந்து மந்திரம் போய், விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு பாட்டரி வைத்தார்கள். காசு போன்ற வட்டமான பாட்டரி. அது இருக்கும் வரை விட்ட இடம் நினைவில் இருக்கும். 15, 20 ஆண்டுகளில் பாட்டரி தீர்ந்து விடுகிறது. அதோடு சேமித்து வைத்த நினைவும் அழிந்து விடுகிறது. பழைய கருவி பழுதானால் உதிரிப் பாகம் கிடைப்பதும் அரிது.

கடைகளும் மூடப்படுகின்றன. நின்டெண்டோ கம்பெனி ‘3டிஎஸ்’ என்னும் கைக்கருவிக்கு இணையத்தில் ஒரு கடை வைத்திருந்தது. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் அதில் விற்பனையை நிறுத்தி விட்டது. அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனி யாரும் புதிதாக வாங்க முடியாது.

அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்றைக் காக்கும் அமைப்பு ஒன்று 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-ம் ஆண்டுக்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 100-க்கு 87 இப்போது விற்பனையிலேயே இல்லை!

செய்தவர்களிடமாவது மூலப் பிரதி இருக்குமா? அதுவும் நிச்சயம் இல்லை. ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ என்ற விளையாட்டு 2002-ல் வந்தது. 2013-ல் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அந்த வேலையைத் தொடங்கியபோது மூலக் கோப்புகளைக் காணோம். பலவற்றைத் திரும்பவும் உருவாக்க வேண்டியதாயிற்று. பதினோரு ஆண்டுக்குள் இந்தக் கதி!

ஆகவே, மறுபடி செய்யாத விளையாட்டு மெல்ல மெல்ல மறைந்து போகிறது.

கைக்குள் அடக்கிய கதை

மறுபடி செய்த விளையாட்டுகள் பல கைக்கருவிக்காகவே செய்யப்பட்டன. கைக்கருவி வந்த கதையும் சுவையானது.

ஜப்பானில் கியோட்டோ நகரில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்யும் தொழிலாகத் தொடங்கியதுதான் நின்டெண்டோ. அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தவர் கும்பேய் யொக்கோய். ஒரு நாள் அவர் அதிவேக ரயிலில் போனார். எதிரே ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். “பயணத்தில் விளையாட ஒரு சிறு கருவி செய்தால் என்ன?” என்று யொக்கோய்க்குத் தோன்றியது. 1980-ல் நின்டெண்டோவின் முதல் கைக்கருவி பிறந்தது. 1989-ல் ‘கேம் பாய்’ வந்து உலகத்தையே கவர்ந்தது. நான்கு பென்டார்ச் பாட்டரி போட்டால் போதும்!

ஆனால் அதன் திரை மிகச் சிறியது. டெலிவிஷன் பெட்டியில் விளையாடும் கருவி ஒரு படத்தை 61,440 புள்ளிகளால் காட்டியது. கேம் பாய் திரையில் 23,040 புள்ளிகளே இருந்தன. வண்ணமும் இல்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை நான்கே சாயல்.

எனவே பெரிய படத்தை அப்படியே சிறிதாக்க முடியாது. மாளிகை, மரம், மனிதன் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். பஸ் நிறுத்தம் வந்ததும் மூடி வைக்க வேண்டுமானால், நினைத்த இடத்தில் நிறுத்தும் வசதியும் வேண்டும்.

இந்த வேலைகளை எல்லாம் செய்துதான் டிராகன் குவெஸ்ட் முதல் இரண்டு பாகங்களை 1999-ல் கேம் பாய்க்குக் கொண்டு வந்தார்கள். நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்கள் 2007 முதல் 2010 வரை ‘டிஎஸ்’ என்னும் கைக்கருவிக்கு வந்தன. அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு திரை. இரண்டையும் சேர்த்து ஊர் முழுவதையும் உயரமாகக் காட்டினார்கள்.

எதை விடுவது? எதைக் காப்பது?

வேலையில் கடினமான பகுதி வரைவது அல்ல. முடிவு செய்வதுதான்!

‘ஃபைனல் ஃபேண்டஸி’ என்று மற்றொரு புகழ் பெற்ற வரிசை. அதன் மூன்றாம் பாகம் 1990-ல் ஜப்பானில் மட்டும் வந்தது. 16 ஆண்டு மற்ற நாட்டினர் அதைக் கண்ணால் பார்த்ததோடு சரி. 2006-ல் டிஎஸ் கருவிக்காக மறுபடி செய்த பிறகே அது முறையாக ஆங்கிலம் பேசியது.

பழைய விளையாட்டில் நான்கு சிறுவர்கள் பெயர் இல்லாமல் வந்தார்கள். புதியதில் நால்வருக்கும் பெயர் வைத்தார்கள். தனித்தனிக் குணம் கொடுத்தார்கள். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. முடிவில் வரும் கோட்டை மிக நீளமானது. நடுவில் சேமிக்கும் இடம் எதுவும் இல்லை. தோற்றால் வெகு தூரம் பின்னால் போக வேண்டும். “அந்த அச்சம்தானே சுவை!” என்பார் சிலர். “வீணான தொல்லை!” என்பார் சிலர். 2021-ல் இன்னொரு முறை புதுப்பித்தபோது நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதி இருந்தது.

‘போக்கிமான்’ விளையாட்டில் ஓர் அழகான ஏற்பாடு செய்தார்கள். 1999-ல் வந்ததை 2009-ல் டிஎஸ் கருவிக்காகப் புதுப்பித்தார்கள். இசையும் புதியது. ஆனால் விளையாட்டுக்குள் ஒரு பொருளை ஒளித்து வைத்தார்கள். அது கிடைத்தால் பழைய கேம் பாய் இசையே ஒலிக்கும்! அப்பாவுக்குப் பழைய இசை, பிள்ளைக்குப் புதிய இசை. இருவரும் ஒரே கதையில்!

ஆனந்தரங்கர் சொல்லும் பாடம்

பழையதைப் பெயர்த்து எழுதிக் காப்பது புதுச்சேரிக்குப் புதிது அல்ல.

பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்சிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை 25 ஆண்டு தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் மறைந்த பின் அந்த ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கல்வா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு, பிரதி எடுக்கச் செய்தார். மூல ஏடுகளில் சில பின்னால் காணாமல் போயின. எடுத்து வைத்த பிரதி கைகொடுத்தது. அந்தக் காலத்துப் புதுச்சேரியை நாம் இன்று கண்முன் காண்பது அதனால்தான்.

ஓலைச்சுவடியும் அப்படியே. ஓலை மட்கும். மட்குவதற்குள் ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். அவர் கையில் பிழை நேரலாம்; ஒரு சொல் மாறலாம். ஆனால் எழுதாமலே விட்டால் நூலே இல்லை!

இன்று கணிப்பொறியில் கட்டளை எழுதுபவரும் இந்த வேலையைத்தான் செய்கிறார். சத்தோரு இவாத்தா என்ற ஜப்பானியர் போக்கிமான் சண்டை முறையை வேறொரு கருவிக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. பழைய கட்டளைகளைப் படித்துப் படித்தே புரிந்துகொண்டு, ஒரே வாரத்தில் மாற்றி எழுதி விட்டார். சுவடி படித்த புலவர் போல! பின்னாளில் அவர் நின்டெண்டோ கம்பெனிக்கே தலைவர் ஆனார்.

தமிழ் வீட்டுச் சமையலறை

இந்தக் கைக்கருவியில் தமிழ் வாழ்க்கையும் இடம் பிடித்து விட்டது. கனடா நாட்டு டொரொண்டோ நகரில் ‘விசை’ என்ற பெயரில் ஒரு சிறு குழு இருக்கிறது. அவர்கள் செய்த விளையாட்டு ‘வெண்பா’. 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. நின்டெண்டோ ‘ஸ்விட்ச்’ கருவியிலும் ஆடலாம். 2024-ல் பிரிட்டனின் ‘பாஃப்டா’ பரிசும் பெற்றது.

இது பழைய விளையாட்டின் மறுபதிப்பு அல்ல; புதியது. ஆனால் இதன் கதையே மீட்பதுதான். கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா. அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் பழுதாகி விட்டது. பல வரிகள் அழிந்து போயின. மிஞ்சியதை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் எப்படிச் செய்வது என்று விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். வேற்று நாட்டில் வளரும் மகனுக்கு அம்மாவின் ருசியைக் கொடுக்க வேண்டுமே!

நம் வீடுகளிலும் அழிந்துகொண்டிருக்கும் ஏடுகள் உண்டு. பல்லாங்குழியில் எத்தனை வகை ஆட்டம்? தாயக்கட்டத்தில் எந்த ஊருக்கு எந்த விதி? பாட்டி சொன்ன ராஜகுமாரன் கதை எப்படி முடிந்தது? தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காரட்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதட்டும். ‘ற’வும் ‘ர’வும் மாறாமல் எழுதட்டும்!