வேடமிட்ட சிறுகோடு

இணையதளங்களைப் பின்னணியிலிருந்து இயக்கும் நிரல்மொழிகளுள் மிகப் பரவலான பிஎச்பி, 2024 ஜூன் 6ஆம் நாள் 8.3.8, 8.2.20, 8.1.29 என்னும் மூன்று திருத்தப் பதிப்புகளை ஒருசேர வெளியிட்டது. தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்சு சாய் கண்டறிந்து, மே 7ஆம் நாள் பிஎச்பி குழுவுக்குத் தெரிவித்த ஓர் ஓட்டையை அடைப்பதற்காகவே அந்த அவசரம். சிவிஇ-2024-4577 என்ற எண்ணில் பதிவான அந்த ஓட்டை, அபாய அளவுகோலில் 10க்கு 9.8 பெற்றது, கடவுச்சொல்லோ கணக்கோ இல்லாத வெளியாள் ஒருவர், வலை முகவரி வழியே அனுப்பும் ஒரே கோரிக்கையால், எங்கோ இருக்கும் விண்டோஸ் கணினியில் தாம் எழுதிய நிரலை ஓட்டிவிடலாம் என்பதே அம்மதிப்பெண்ணின் பொருள். இவ்வளவுக்கும் மூலம், திரையில் பெரும்பாலும் தோன்றவே தோன்றாத ஒரு சிறுகோடு.

ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி என நீளும் தொழிற்பகுதிக்கு இது எட்டாத உலகத்துச் செய்தி அன்று. பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்துதரும் ஒரு சிறு தொழிற்கூடம், தன் இருப்புக் கணக்கையும் வருகைப் பதிவையும் காட்டும் உள்ளகத் தளத்துக்கென்று தனிச் சர்வர் வாங்க வேண்டியதில்லை. அலுவலக விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் என்னும் இலவசத் தொகுப்பை நிறுவினால் போதும், பிஎச்பி, அப்பாச்சி என்னும் வலைச் சர்வர், தரவுத்தளம் மூன்றும் சேர்ந்தே வந்துவிடும். ஓட்டைக்கு வழிவிட்டதும் அத்தொகுப்பின் இயல்பான அமைப்புதான்.

எழுத்து என்று மனிதர் காண்பதும், கணினி கையாள்வதும் ஒன்றல்ல என்பது இங்கே முதலில் விளங்க வேண்டும். 'ராயக்கோட்டை' என்னும் ஊர்ப்பெயரைத் தமிழ் படித்தவர் எண்ணினால் எழுத்துகள் 6. யூனிகோடு எனப்படும் உலகப் பொதுக் குறிமுறையில், மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால், குறிகள் 11. அவை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், 33 பைட். அதோடும் நிற்பதில்லை. 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகவும் இடலாம். இரண்டாம் முறையில் அதே பெயர் 36 பைட் ஆகிவிடும், திரையிலோ இம்மியும் வேறுபாடு தெரியாது. 1990களின் நடுவில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தொடங்கிய பிஎச்பி, சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, வெறும் பைட் வரிசையாகவே பார்க்கிறது. அதை அடியோடு மாற்றி யூனிகோடு அறிந்த மொழியாக்க முயன்ற பிஎச்பி-6 திட்டம் 2010இல் கைவிடப்பட்டதால், 5க்குப் பின் நேரே 7ஆம் பதிப்புதான் வந்தது.

2024இன் ஓட்டைக்கு 2012இல் ஒரு முன்கதை உண்டு. அதன் ஒரு முனை இந்தியாவில் இருக்கிறது. கோவாவில் நடைபெறும் நல்கான் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டையொட்டி, 2012 ஜனவரியில் இணையவழியில் நடந்த ஹாக்கிம் போட்டியில் கலந்துகொண்ட எய்ண்ட்பாசன் என்ற நெதர்லாந்து அணியினர், போட்டிப் புதிரைத் துருவிக்கொண்டிருந்தபோது பிஎச்பியிலேயே ஒரு குறை இருப்பதைக் கண்டனர். வலைச் சர்வர், வரும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் பிஎச்பியைத் தனி நிரலாக எழுப்பி வேலை வாங்கும் பழைய ஏற்பாட்டுக்குச் சிஜிஐ என்று பெயர். அந்த ஏற்பாட்டின் விதிப்படி, முகவரியில் வினாக்குறிக்குப் பின் வரும் பகுதியில் சமக்குறி இல்லையென்றால், அதைச் சர்வர் கட்டளைவரிச் சொற்களாகப் பிரித்து நிரலிடம் கொடுத்துவிடும். கட்டளைவரியிலோ, சிறுகோட்டில் தொடங்கும் சொல் என்றால் அது நிரலின் நடத்தையையே மாற்றும் ஆணை. ஒரு சிறுகோடும் ஓர் ஆங்கில எழுத்தும் போதும், தளத்தின் மூல நிரல் முழுவதும் பார்வையாளர் திரையில் கொட்டும். வேறோர் எழுத்தைச் சேர்த்தால், பிஎச்பியின் அமைப்புகளை மாற்றி, கோரிக்கையோடு அனுப்பிய நிரலையே முதலில் ஓட்டச் செய்யலாம். 2004 முதல் கவனிப்பாரற்றுக் கிடந்த இக்குறை, திருத்தம் ஆயத்தமாவதற்குள், 2012 மே மாதத் தொடக்கத்தில் பிஎச்பியின் பிழைப் பதிவேட்டிலிருந்தே தவறுதலாக வெளியானது. அவசரமாக வந்த முதல் திருத்தம் போதாமல், சில நாளில் இரண்டாவது ஒன்றும் வந்தது.

அத்திருத்தங்களின் சாரம் எளியது: வந்த சரம் சிறுகோட்டில் தொடங்கினால் அதை ஆணையாகக் கொள்ளாதே. 12 ஆண்டுகள் இந்தக் காவல் போதுமென்றே எல்லாரும் இருந்தனர்.

சிறுகோட்டின் பைட் எண் 45. எண் 173இல் வேறொரு கோடு உண்டு. மென்கோடு எனப்படும் அது, நீண்ட சொல் வரி முடிவில் உடைய நேர்ந்தால் மட்டும் தோன்றுவது, மற்ற நேரங்களில் மறைந்திருப்பது. காவலுக்கு நின்ற பிஎச்பி நிரல், வந்த சரத்தின் முதல் பைட் 45தானா என்று மட்டும் பார்த்தது. 173 என்றால் உள்ளே விட்டது. ஆனால் அதே சரம் கட்டளைவரி வழியாகவும் பிஎச்பியை வந்தடைகிறது. வழியில் விண்டோஸ் அதை யூனிகோடிலிருந்து அந்தக் கணினியின் பழைய குறிமுறைப் பக்கத்துக்கு மாற்றுகிறது. குறிமுறைப் பக்கம் என்பது, யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே வகுத்த எழுத்து அட்டவணை. அட்டவணையில் இல்லாத எழுத்து வந்தால், தோற்றத்தில் நெருங்கிய வேறொன்றை விண்டோஸ் தானாகவே இட்டு நிரப்பும். 'நெருங்கிய பொருத்தம்' என்னும் இந்த உபகாரத்தால்தான் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் முடிவிலிக் குறி 8 ஆகிறது. மரபுச் சீனம், எளிய சீனம், ஜப்பானியம் ஆகிய மூன்று மொழியமைப்புகளில் மென்கோடு அப்படியே 45ஆம் எண் சிறுகோடாகிவிட்டது. தக்காளி ஏற்றிப் பெங்களூரு செல்லும் லாரியின் ரசீதை எல்லைச் சாவடியில் படித்துப் பார்த்துவிட்டு, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் அனுப்புவது போன்றதுதான் இது: சோதிக்கப்பட்டது ஒரு பிரதி, செயலுக்கு வந்தது இன்னொன்று.

173 என்ற எண்ணோடு தமிழுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழர் தமக்குள் பேசி உருவாக்கிய திஸ்கி குறிமுறையில் 171 அகரம், 172 ஆகாரம், 174 ஈகாரம், 175 உகரம் என்று உயிரெழுத்துகள் வரிசையாக நிற்க, இகரம் மட்டும் வரிசையை விட்டு 254ஆம் இடத்தில் இருக்கும். இடையிலுள்ள 173 மென்கோட்டுக்குரிய எண் என்பதால், அங்கு வைக்கும் எழுத்தை மென்பொருள்கள் விழுங்கிவிடும் இடர் இருந்தது. அந்நாளில் திஸ்கி மடல்களை எழுத்துரு இல்லாமல் திறந்தவர்கள், 'இது', 'இந்த' போன்ற சொற்களின் தலையில் ஐஸ்லாந்து மொழியெழுத்து ஒன்று ஓயாமல் நிற்பதைக் கண்டிருப்பார்கள்; அதுதான் 254. ஒரு மொழியின் மூன்றாம் உயிரெழுத்தையே இடம்பெயர்த்த எண்ணை, காவல் நிரல் எழுதியவர்கள் பொருட்படுத்தாமல் விட்டது வியப்புக்குரியதே.

விண்டோஸ் கணினிகளுக்கு இயல்பாக அமையும் பழைய அட்டவணைகளில் தமிழுக்கு இடமே தரப்படவில்லை. யூனிகோடு அறியாத மென்பொருளில் தமிழை இட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் விழுவது அதனால்தான். அதைக் கண்டு சலித்துக்கொள்ளாத தமிழ்க் கணினிப் பயனர் அரிது. ஆயினும் பாதுகாப்பின் பார்வையில், 'தெரியவில்லை' என்று கேள்விக்குறியிடும் மென்பொருள், தெரிந்ததுபோல் வேறோர் எழுத்தை நுழைக்கும் மென்பொருளைக் காட்டிலும் நம்பத்தக்கது. கேள்விக்குறியைக் கண்டவுடன் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும், வேடமிட்ட சிறுகோடோ பிழை என்ற சுவடே இல்லாமல் கடந்துவிடும்.

2024 ஜூன் திருத்தம் வெளியான மறுநாளே தாக்குதல் முறை பொதுவெளிக்கு வந்தது. ஜூன் 8 முதல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் டெல்யூதபாஸ் கும்பல் இதைப் பயன்படுத்தியது. ஆகஸ்டில் தைவான் பல்கலைக்கழகம் ஒன்றில் இவ்வழியே நுழைந்ததாகக் கருதப்படும் ஊடுருவலை சைமான்டெக் நிறுவனம் வெளியிட்டது. 2025 ஜனவரி முதல் ஜப்பானிய நிறுவனங்கள் குறிவைக்கப்பட்டதைச் சிஸ்கோவின் டேலோஸ் குழு பதிவுசெய்தது. இந்தியாவில் வழங்கும் ஆங்கில மொழியமைப்பில் இத்தாக்குதல் பலிக்குமென்று உறுதிப்படுத்தப்படவில்லை. மற்ற மொழியமைப்புகளுக்கு ஆபத்தே இல்லையென்றும் டெவ்கோர் கூறவில்லை. தைவான் முதலீட்டில் இயங்கும் ஆலைகளும் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில், எந்திரத்தோடு சேர்ந்து வெளிநாட்டு மொழியமைப்பிலேயே வந்திறங்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளை மட்டுமாவது ஒருமுறை திறந்து பார்ப்பது வீண்வேலை ஆகாது.

2012ஐப் போலவே இம்முறையும் முதல் திருத்தம் முழுமையாக இல்லை. முதல் எழுத்தை விண்டோஸ் மாற்றுவதைப் போலவே மாற்றிப் பார்த்து, அதன்பின் அது சிறுகோடா என்று சோதிக்கும் புதிய காவலையும், வழக்கத்துக்கு மாறான குறிமுறை அமைப்புகளில் தாண்ட முடிந்ததால், 2024 செப்டம்பர் இறுதியில் 8.3.12, 8.2.24, 8.1.30 பதிப்புகள் வந்தன. அதற்கு முன்பே ஆதரவுக்காலம் முடிந்துவிட்ட 8.0, 7, 5 ஆகிய வரிசைகளுக்குத் திருத்தமே கிடையாது. பழைய பில்லிங் நிரல் புதிய பதிப்பில் ஓடாது என்று அஞ்சி அவற்றையே வைத்திருப்பவர்கள், எக்ஸாம்பின் அப்பாச்சி அமைப்புக் கோப்புகளில் பிஎச்பி-சிஜிஐ என்னும் பெயரைப் பிஎச்பி அடைவுக்கு வழியாகக் காட்டும் ஒற்றை வரியின் முன்னால் கருத்துரைக் குறியை இட்டு, அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கினால், எக்ஸாம்ப் திறந்துவைத்த அந்த வாசல் மூடிக்கொள்ளும்.