காக்கிச் சீருடையும் கொறடா உத்தரவும்: சாங்லியானாவின் அரசியல் பயணம்

மிசோரத்தைச் சேர்ந்தவரும், ஐ.பி.எஸ். அதிகாரியாகக் கர்நாடகத்துக்கு ஒதுக்கப்பட்டுப் பெங்களூரு மாநகரக் காவல் ஆணையர் பதவி வரை உயர்ந்தவருமான எச்.டி. சாங்லியானாவின் பொதுவாழ்வு, காக்கிச் சீருடையில் ஈட்டிய நற்பெயர் தேர்தல் களத்தில் எதுவரை கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை ஆராய்வோர்க்கு நல்லதொரு சான்று. அவர் பணியில் இருந்தபோதே, அவருடைய பெயரைத் தாங்கி, சங்கர் நாக் நடித்த கன்னடப் படம் 1988இல் வெளிவந்தது. 1990இல் இரண்டாம் பாகமும் வந்தது. சாதி, மொழி, மண் என எந்த உறவும் இல்லாத ஊரில், மிசோ கிறித்தவர் ஒருவர் வீட்டுக்கு வீடு அறியப்பட்ட பெயராக மாறியதில் திரையரங்குகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஓய்வுக்குப் பின் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்த அவர், 2004 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு வடக்குத் தொகுதியில், அதைப் பலமுறை வென்றிருந்த முன்னாள் ரயில்வே அமைச்சர் ஜாபர் ஷெரீப்பைத் தோற்கடித்தார். அத்தேர்தலில் அக்கட்சி கர்நாடகத்தின் 28 இடங்களில் 18ஐக் கைப்பற்றியது என்பதால் வெற்றி முழுவதையும் வேட்பாளரின் கணக்கில் எழுத முடியாது. எனினும், சிறுபான்மைச் சமூகத்தவர் ஒருவரை அக்கட்சி அங்கே நிறுத்தத் துணிந்ததற்கு அவருடைய காவல்துறைப் புகழே காரணம் எனலாம்.

அவருடைய அரசியல் வாழ்வின் திருப்புமுனை 2008 ஜூலை 22. இந்திய அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டதால், மன்மோகன் சிங் அரசு அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கோரியது. இத்தகைய வேளைகளில், உறுப்பினர்கள் எப்பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி எழுத்தில் பிறப்பிக்கும் கட்டளையே கொறடா உத்தரவு. அதன் கடுமையை உணர்த்த மூன்று கோடுகள் இட்டு அனுப்புவது மரபு. அதை மீறி வாக்களிப்பவரைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணையான கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்கீழ் அவருடைய பதவியே பறிபோகலாம். எதிர்த்து வாக்களிக்கும்படி கட்சி பணித்திருந்தும் சாங்லியானா அரசை ஆதரித்தார். 275க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. அவரைக் கட்சி வெளியேற்றியது.

மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிதலையே முதற்பாடமாகக் கொண்ட துறையில் வாழ்நாளைக் கழித்தவர், அரசியலில் அந்தக் கீழ்ப்படிதலை மறுத்த அந்த ஒரு வாக்கே அவருடைய நாடாளுமன்றப் பணியில் நினைவுகூரத் தக்கது. உறுப்பினர் கட்சிக்குக் கடமைப்பட்டவரா, தொகுதிக்கா, தன் மனச்சான்றுக்கா என்ற வினாவை 1985இல் வந்த அச்சட்டம் கட்சியின் பக்கமே தீர்த்துவைத்தது. அரசைக் கவிழ்க்கும் பேரங்களைத் தடுக்க அது தேவைதான். ஆனால் கொள்கை வேறுபாட்டையும் விலைபோதலையும் அது ஒரே தராசில் நிறுக்கிறது.

பின்னர் காங்கிரசில் சேர்ந்த சாங்லியானா, தொகுதி மறுவரையறையில் உருவான பெங்களூரு மத்தியத் தொகுதியில் 2009இல் நின்று, பாஜகவின் பி.சி. மோகனிடம் சுமார் 35,000 வாக்குகளில் தோற்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் வென்றுதந்த அதே பெயர் கட்சி மாறியபோது போதவில்லை. அதன்பின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்தின் துணைத் தலைவராகப் பணியாற்றினார். 2012இல் தில்லியில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த இளம்பெண்ணின் தாயாரைச் சிறப்பித்த பெங்களூரு மேடையில், 2018இல், அத்தாயாரின் உடல்வாகைக் குறிப்பிட்டு அவர் பேசிய பேச்சு நாடெங்கும் கண்டிக்கப்பட்டது. பெண்களின் பாதுகாப்பைப் பணியாகக் கொண்டிருந்த ஒருவரிடமிருந்து அச்சொற்கள் வந்தது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.