பேட் என்னுது... நான் அவுட் இல்லை!

தெரு கிரிக்கெட்டில் எழுதப்படாத சட்டம் ஒண்ணு உண்டு. பேட்டுக்குச் சொந்தக்காரன் அவுட் ஆகவே மாட்டான். ஸ்டம்ப் எகிறினாலும் ‘ட்ரையல் பால்’ என்பான். ரொம்பப் பேசினால் பேட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவான். உலக அரசியல் மட்டும் என்ன வாழுதாம்?

நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்தில் ‘அமைதி மாளிகை’ என்று ஒரு கட்டடம். ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் அங்கேதான் இருக்கு. 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஈரான் மாணவர்கள் புகுந்து, ஊழியர்களைப் பணயக் கைதிகளாக்கினாங்க. அதே மாதம் அமெரிக்கா நேரா இந்தக் கோர்ட்டுக்குத்தான் போச்சு. ஈரான் எட்டிக்கூடப் பார்க்கலை. 1980 மே மாதம் அமெரிக்காவுக்குச் சாதகமா தீர்ப்பு வந்தது.

நாலே வருஷம்... சீன் அப்படியே ரிவர்ஸ்!

மத்திய அமெரிக்காவில் இருக்கிற குட்டி நாடு நிகரகுவா. 1979-ல் சாண்டினிஸ்டாக்கள் என்ற இடதுசாரிகள், சர்வாதிகாரி சொமோசாவைத் துரத்திட்டு ஆட்சியைப் பிடிச்சாங்க. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைச்சுக்கிட்டிருந்த பனிப்போர் காலம் அது. நம்ம வாசல்லயே இடதுசாரி ஆட்சியா என்று அதிபர் ரீகன் அரசுக்குத் தூக்கம் போச்சு. ‘கான்ட்ரா’ கிளர்ச்சிப் படைக்குப் பணம், ஆயுதம், பயிற்சி எல்லாம் கொடுத்தாங்க. 1984 ஆரம்பத்தில் சி.ஐ.ஏ. ஏற்பாட்டில் நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடிகள் வைக்கப்பட்டன. ஏப்ரலில் நிகரகுவா அதே கோர்ட்டின் படியேறியது.

இந்த வழக்கை விசாரிக்கவே கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்றது அமெரிக்கா. ‘இருக்கு’ என்று கோர்ட் சொன்னதும், 1985 ஜனவரியில் வாக் அவுட்! 1986 ஜூன் 27-ல் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா சர்வதேசச் சட்டத்தை மீறியிருக்கு, நஷ்ட ஈடு தரணும். ஆனா, தீர்ப்பை அமல்படுத்த வைக்க வேண்டியது ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில். அக்டோபரில் அங்கே ஓட்டெடுப்பு. ஆதரவு 11, எதிர்ப்பு 1. அந்த ஒரு ஓட்டு அமெரிக்காவுடையது. அதுக்குப் பேர்தான் வீட்டோ. மேட்டர் ஓவர்! நிகரகுவாவில் ஆட்சி மாறி, 1991-ல் வழக்கே வாபஸ் ஆச்சு. நஷ்ட ஈடு வரவே இல்லை.

சரி, அமெரிக்காவை எதிர்த்து நிற்கிற சீனா ரொம்ப யோக்கியமா? தென்சீனக் கடலின் பெரும்பகுதி எங்களுதுன்னு வரைபடத்தில் கோடு போட்டு வெச்சிருக்கு. ஐ.நா. கடல் சட்டப்படி 2013-ல் பிலிப்பைன்ஸ் வழக்கு போட்டுச்சு. அதே அமைதி மாளிகையில் நடுவர்கள் விசாரிச்சாங்க. சீனா கலந்துக்கவே இல்லை. 2016 ஜூலை 12-ல், அந்தக் கோட்டுக்குள்ளே சீனா கேட்கிற வரலாற்று உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லைன்னு தீர்ப்பு. சீனா ஏத்துக்கலை. தீர்ப்பை மதிங்கன்னு சீனாவுக்குப் பாடம் எடுத்தது யார் தெரியுமா? அமெரிக்கா! அந்தக் கடல் சட்டத்தில் அமெரிக்காவே இன்னும் சேரலை என்பதுதான் காமெடி.

ரஷ்யாவும் சளைச்சதில்லை. உக்ரைனில் ராணுவ நடவடிக்கையை நிறுத்தச் சொல்லி 2022 மார்ச் 16-ல் சர்வதேச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. போர் நிற்கலை.

பெரிய நாடுன்னாலே இப்படித்தான்னு முடிவு கட்டிடாதீங்க. வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் சுமார் 25,600 சதுர கிலோமீட்டர் கடல் தகராறில் இருந்தது. 2014 ஜூலையில் நடுவர் மன்றம் அதில் சுமார் 19,500 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்குக் கொடுத்துச்சு. இந்தியா ஏத்துக்கிச்சு. எல்லா விஷயத்திலும் நாம சொக்கத்தங்கம்னு சொல்ல வரலை. ஆனா, பெரிய அண்ணனும் தீர்ப்புக்குத் தலையாட்ட முடியும்னு இது காட்டுது.

அப்போ மத்த தீர்ப்பெல்லாம் வேஸ்ட்டா? இல்லை. கப்பல் படையை வெச்சு சீனாவை ஜெயிக்க முடியாத பிலிப்பைன்ஸ், இன்னிக்கும் அந்த 2016 தீர்ப்பைத்தான் கையில் பிடிச்சுக்கிட்டு வாதாடுது. சின்ன நாட்டுக்கு அந்தக் காகிதம்தான் ஆயுதம்.

வல்லரசுகளைத் திட்டுறது ஈஸி. நாம மட்டும்? நமக்குப் பிடிச்ச நாடு குண்டு போட்டா தற்காப்பு. பிடிக்காத நாடு போட்டா அராஜகம். அடுத்த முறை போர்ச் செய்தி படிக்கும்போது, நாட்டின் பெயரை விரலால் மறைச்சுட்டுப் படிங்க. யார் மேல தப்புன்னு முடிவு பண்ணுங்க. அப்புறமா விரலை எடுங்க.

முடிவு மாறுதா பாஸ்?