உப்புக் காற்றும் சீட் சுவிட்சும்

மரக்காணம் உப்பளத்தில் கடல்நீர் பாத்தி மாறி, வெயிலில் வற்றி வற்றிக் கெட்டிப்படுகிறது. நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 25 பாகையை எட்டியதும் சமையல் உப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகை வந்தபின் மிஞ்சும் நீரை வெளியேற்றிவிடுவார்கள். நாக்கில் பட்டால் கசக்கும் நீர் அது. அதில் மெக்னீசியம் குளோரைடு மிகுதி. எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த நீர் லேசில் காயாது.

காயாததற்குக் காரணம் காற்றிலிருக்கும் ஈரம். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வங்கக் கடலோரத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது.

உப்பளத்துக்கு வெளியேயும் இந்த இரண்டு உப்புகளும் பரவியிருக்கின்றன. அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்துளிகளாகச் சிதறுகின்றன. காற்று அவற்றைக் கரைக்குள் கொண்டுவந்து கூரை, கம்பி, வண்டி என எதன்மேலும் படியவிடுகிறது. மேலே உப்புத்தூள் உலர்ந்ததுபோல் தோன்றும்; ஆனால் மெக்னீசியம் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உலோகத்தின்மீது மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். அதிலுள்ள குளோரைடு, உலோகத்தைக் காக்கும் ஆக்சைடு மேற்படலத்தைத் துளைத்து உள்ளே போகும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புல்வெளி வைத்திருக்கும் விடுதிகளுக்கும் தோட்டங்களுக்கும் இந்த வேதியியல் உயிர்ப் பிரச்சினை. பெரிய புல்வெளிகளில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வண்டியில் ஓட்டுநரைக் காப்பது சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச்.

அந்த சுவிட்ச் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் வெட்டுத்தகட்டைப் பார்க்க வேண்டும். 1830-இல் இங்கிலாந்தின் எட்வின் பியர்ட் படிங் முதல் புல்வெட்டி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் துணியின் மேல்மயிரைச் சீராக வெட்டும் இயந்திரமே அவருக்கு முன்மாதிரி. அதில் உருளை ஒன்று சுழன்று, நிலையான கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோல்போல் புல்லை நறுக்கும். இன்றைய உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை வேறு வகை. இவற்றில் தட்டையான தகடு கிடையாகச் சுழன்று, வேகத்தாலேயே புல்லை அறுக்கிறது. 53 செ.மீ. நீளத் தகடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் போகும்.

கடலோரப் புல்லில் சிப்பியும் சரளைக்கல்லும் கிடப்பது சகஜம். 10 கிராம் கல் ஒன்றில் அந்த முனை பட்டு, கிட்டத்தட்ட அதே வேகத்தில் கல் பறந்தால், மணிக்குச் சுமார் 75 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் அதில் இருக்கும். பந்து அந்த ஆற்றலை உள்ளங்கை முழுக்கப் பரப்பி இறக்கும். கூரான கல்லோ ஒரு புள்ளியில் இறக்கும்.

எஞ்சினை அணைத்தவுடன் தகடு நின்றுவிடாது. அமெரிக்காவில் 1982 முதல், கையால் தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில் கைப்பிடியை விட்டதும் 3 நொடிக்குள் தகடு நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நொடிக்கு 50 சுற்றில் ஓடும் தகடு 3 நொடியில் சீராக வேகம் குறைந்து நின்றாலும், அதற்குள் 75 சுற்று சுற்றிவிடும். அடைத்த புல்லை எடுக்கக் கை நீட்டுபவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் தவறி விழுந்தாலும், தகடு சுற்றும்போதே இறங்க எழுந்தாலும், சீட் சுவிட்ச் அதை உணர்ந்து எஞ்சினை நிறுத்துகிறது. ஆள் மேலே இருக்கிறாரா இல்லையா என்று அறிய வண்டிக்கு இருக்கும் ஒரே புலன் அது. உப்புப் படலம் கெடுப்பதும் அதைத்தான். தாமிர முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, இணைப்பு தளர்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே எஞ்சின் நின்று நின்று போகிறது. வேலை தடைபட்ட எரிச்சலில், "சுவிட்சை டைரக்ட் பண்ணிடு" என்று யாராவது சொல்வார்கள். இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கினால் வண்டி ஓடும். ஆனால் அன்றிலிருந்து, மேலே ஆள் இல்லாவிட்டாலும் இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும்.

வண்டி கவிழ்ந்து ஆள் கீழே விழுவது சரிவில்தான் அதிகம். சக்கரங்களின் இடைவெளி 90 செ.மீ., ஓட்டுநரோடு சேர்த்துப் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் வண்டி 37 பாகைச் சரிவில்தான் கவிழும். ஆனால் கையேடுகள் பெரும்பாலும் 15 பாகைக்கு மேல் போகாதே என்கின்றன. 10 அடி தூரத்துக்கு 2.7 அடி ஏற்றம்தான் அது. பார்வைக்குச் சாதுவான சரிவு.

மீதி 22 பாகை எங்கே போகிறது? மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஒன்றரை மீட்டர் ஆரத்தில் மேட்டுப்பக்கமாகத் திரும்பினால், மையவிலக்கு விளைவு வண்டியை இன்னும் 18 பாகை சாய்த்ததுபோல் ஆக்கும். கீழ்ப்பக்கச் சக்கரம் 10 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் மேலும் 6 பாகை. 15, 18, 6 மூன்றும் சேர்ந்தால் 39. டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டால், வண்டி கவிழ்ந்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். மூன்றும் ஒரே நொடியில் சேர்வதுதான் ஆபத்து.

அதனால் ஏரிக்கரை, வரப்பு, வாய்க்கால் விளிம்பு ஆகியவற்றின் ஓரத்தில் இதை ஓட்டவே கூடாது; அங்கே கையால் வெட்டலாம். மற்றச் சரிவுகளில் குறுக்கே போகாமல், மேலும் கீழுமாக மெதுவாக ஓட்ட வேண்டும். ஈரப்புல்லில் பிரேக்கை நம்பக் கூடாது. கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் ஓட்டுநரை வண்டியோடு சேர்த்து நசுக்கிவிடும். புதிய டிராக்டர்களுக்கு இந்த இரும்புச் சட்டத்தை 1959-இல் ஸ்வீடன் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து சாவோர் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. குழந்தையை மடியில் வைத்து ஓட்டுவதும், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பதும் மன்னிக்க முடியாத தவறுகள்.

கடலோரத்தில் இன்னும் ஒரு வேலை சேர்கிறது. ஓட்டி முடித்து எஞ்சின் ஆறியபின், அடிப்பாகத்தில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மின் இணைப்புகளில் மட்டும் பீய்ச்சி அடிக்காதீர்கள். இணைப்புகளை உலரவைத்து, மின்கடத்தாத கிரீஸ் தடவுங்கள். வாரம் ஒருமுறை, சமதளத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது தகட்டைச் சுழலவிட்டு, சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். எஞ்சின் நின்றால் சுவிட்ச் சரியாக இருக்கிறது. நிற்காவிட்டால் அந்த வண்டியை அன்று எடுக்காதீர்கள்.

சின்ன சுவிட்ச் ஒன்றை மாற்றும் செலவும் ஒரு நாள் தாமதமும் இந்தக் கரையில் உப்புக்குக் கொடுக்க வேண்டிய நியாயமான விலை. வேலை கொடுப்பவர் அதைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். டைரக்ட் பண்ணச் சொன்னால் மறுக்கும் உரிமை ஓட்டுபவருக்கு உண்டு.