தொழில் நடந்த வீடும் மரபுச் சின்னமே

மரபுச் சின்னம் என்றவுடன் கோயிலும் கோட்டையும் அரண்மனையுமே நம் நினைவிற்கு வருகின்றன. கடையும் ஆலையும் அந்த வரிசையில் இடம்பெறத் தகுமா? வாணிபத்திற்காக எழுப்பிய சுவருக்கு என்ன பெருமை என்று கேட்பவர் பலர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களோடு உறவுடைய தமிழருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அம்மலையில் தமிழர் விட்டுச்சென்ற அடையாளங்களுள் பெரும்பாலானவை ஆலை, லயம், தோட்டப் பள்ளி, சிறு கோயில் என்னும் எளிய கட்டடங்களே. அவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை அறிய, திருச்சபை ஒன்று நகரின் நடுவே நடத்திய புத்தகக்கடையின் வரலாற்றை முதலில் காண்போம்.

சிங்கப்பூரில் ஸ்டாம்போர்டு சாலையும் ஆர்மீனியன் தெருவும் சந்திக்கும் முனையில், செங்கல்லின் சிவப்பும் சாந்தின் வெண்மையும் கலந்த ஒரு கட்டடம் நிற்கிறது. 1908-ஆம் ஆண்டில் மெத்தடிஸ்டு திருச்சபையின் பதிப்பகத்திற்காக எழுந்தது அது. அப்பதிப்பகத்தின் தொடக்கம் 1890-இல் அமைந்த ஒரு சிறிய அச்சுக்கூடம். அதைத் தொடங்கிய வில்லியம் ஷெல்லபியர் முன்பு ஆங்கிலப் படையில் பணிபுரிந்தவர். பின்னர் மலாய்மொழி அறிஞராகப் புகழ்பெற்றவர். சமய நூல்களோடு பள்ளிகளுக்கு வேண்டிய நூல்களும் மலாய் இலக்கியமும் அப்பதிப்பகத்தின் வழியே மக்களைச் சென்றடைந்தன. அறப்பணியும் வாணிபமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன என்று சொல்லலாம்.

1927-இல் அது மலாயா பதிப்பக நிறுவனமாக மாறியது. மலேசியா அமைந்தபின் மலேசியப் பதிப்பகம் ஆயிற்று. மெத்தடிஸ்டு, மலாயா, மலேசியா ஆகிய மூன்று பெயர்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால், எம்.பி.எச். என்னும் சுருக்கப் பெயருக்கு மாற்றம் நேரவில்லை. ஒரு நாட்டின் அரசியல் மாற்றங்களை ஒரு கடையின் பெயர்ப்பலகையிலேயே படித்துவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தகக்கடை அவ்விடத்தை விட்டு நீங்கியது. இன்று அதன் பெயர் வான்கார்டு கட்டடம். வளைவுகளும் செங்கல்லும் அழகு குன்றாமல் இருக்கின்றன. புத்தகம் தேடி வரும் மாணவர் மட்டும் இல்லை. உடல் காக்கப்பட்டது, உயிர் வேறிடம் சென்றது. சுவரைக் காப்பது வேறு, சுவருக்குள் நடந்த தொழிலின் நினைவைக் காப்பது வேறு என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

தமிழ் ஆசிரியர்களுக்கு இதற்கு நேரான ஓர் எடுத்துக்காட்டு தெரிந்திருக்கும். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அரசாங்க வேலையை முதலில் முடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரியிலிருந்த பாதிரியார் பப்ரிசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வேப்பேரியிலிருந்துதான் 1779-இல் அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி வெளிவந்தது. வேப்பேரி அச்சகம் தமிழுலகில் பெயர்பெற்றது அதன் தூண்களாலா? அன்று, அங்கே விளைந்த நூல்களால்.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்தவற்றையே பண்டைச் சின்னம் எனக் கருதியது. அதன் இடத்தில் வந்த 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டம் வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நாட்டு வரலாற்றோடுள்ள தொடர்பு, வடிவழகு, தொழில்நுட்பப் புதுமை, சமூகப் பண்பாட்டு உறவு, கல்விக்குப் பயன்படும் தன்மை, அருமை முதலியவற்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. எனவே ஆலையும் கடையும் மரபுச் சின்னமாவதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

இந்த அளவுகோலைக் கேமரன் மலைக்குக் கொண்டு செல்வோம். 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவை செய்த மலைப்பகுதி அது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழரின் கைகள் மிகப் பல.

பழைய தேயிலை ஆலைகளின் வடிவமே ஒரு பாடநூலாகும். கிள்ளிய கொழுந்தைப் பல மணிநேரம் காற்றில் வாட்டவேண்டும். அதனால் மேல்மாடிகள் நீண்டு அகன்றிருக்கும். இருபுறமும் வரிசையாகச் சன்னல்கள் இருக்கும். வாடிய இலை கீழே இறங்கி, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்படும். இவ்வொழுங்கை அறியாதவருக்கு அது தகரக் கூரை வேய்ந்த கொட்டகை. அறிந்தவருக்குத் தொழில்நுட்ப வரலாறு.

ஆலைக்காவது அதை நடத்தும் நிறுவனம் காவலாக இருக்கிறது. லயங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவற்றில் வாழ்ந்தவர்களுக்கு அவை சொந்தமல்ல. வேலை முடிந்தால் வீடும் கைவிட்டுப் போகும். இளைய தலைமுறை நகரங்களை நாடிச் சென்றது. இன்று கொழுந்து எடுப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். கட்டடத்தின் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் அருகி வருகின்றனர். கதை போனபின் சுவர் மட்டும் நின்றால், அது சுற்றுலாப் பயணிகளின் படத்திற்குப் பின்னணியாக மட்டுமே உதவும்.

ஆதலால் முதலில் வேண்டுவது பொற்பலகை அன்று, பதிவு. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, வேலையாட்களின் பெயர்ப்பட்டியலான செக்ரோல், கோயில் திருவிழா அழைப்பிதழ், முதியவர் வாய்மொழி ஆகியவை கட்டடத்தின் உயிரைத் தாங்கும் சான்றுகள். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, பிரட்டுக்கு எத்தனை மணிக்கு அழைத்தார்கள், எந்த மாடியில் இலை வாடியது என்பவற்றை மாணவர்களைக் கொண்டு எழுதி வைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். சட்டத்தின் கதவைத் தட்டும் நாளில் இக்குறிப்பேடுகளே சமூக உறவுக்குச் சான்றாக நிற்கும்.

2029-இல் போ தோட்டத்திற்கு நூறாண்டு நிறைகிறது. அன்று தேயிலையின் பெருமை எப்படியும் பேசப்படும். அதைப் பயிரிட்டவர்களின் பெயர்களும் பேசப்பட வேண்டுமானால், அவற்றை எழுதத் தொடங்கவேண்டிய காலம் இதுவே.